தூக்கத்தை அளக்கலாம், ஒப்படைக்க மறக்கலாமா?

அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ். அம்மா பஃது.

 

"ஹழ்ரத், தூக்கம் வரமாட்டேங்குது, ஏதாவது ஓதிக் கொடுங்க" என்று முன்பெல்லாம் வயதானவர்கள்தான் வருவார்கள். இப்போது இருபத்தைந்து, முப்பது வயது வாலிபர்கள் வருகிறார்கள். கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருக்கிறார்கள். நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினோம், அதில் ஆழ்ந்த தூக்கம் எவ்வளவு, நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்று செல்போனைத் திறந்து காட்டுகிறார்கள். தூக்கம் வருவதற்காகத் தியான ஆப் வைத்திருக்கிறார்கள். "இதெல்லாம் மார்க்கத்தில் கூடுமா ஹழ்ரத்?" என்று கேட்கிறார்கள். இன்றைய ஜும்ஆவில் இந்தக் கேள்விக்கான விளக்கத்தைப் பார்ப்போம்.

தூக்கம் ஓர் அத்தாட்சி

வானம், பூமி, மொழிகள், நிறங்கள் என்று தன் அத்தாட்சிகளை அல்லாஹு தஆலா அடுக்கிச் சொல்கின்ற சூரா அர்ரூமில், 23-வது வசனத்தில், நம்முடைய தூக்கத்தையும் ஓர் அத்தாட்சியாகச் சேர்த்திருக்கிறான். சூரா அந்நபஃவில் அதை நமக்கு ஓய்வாக ஆக்கித் தந்ததை நினைவூட்டுகிறான். நாம் தூங்கும்போது நம் உயிரை அவன் தன் வசம் எடுத்துக்கொள்கிறான் என்பதையும், தவணை மீதமிருப்பவருக்கு அதைத் திருப்பித் தருகிறான் என்பதையும் சூரா அஸ்ஸுமர் 42-வது வசனத்திலிருந்து விளங்குகிறோம்.

பத்ருப் போரை நினைத்துப் பாருங்கள். முந்நூற்றுச் சொச்சம் பேர், ஏறத்தாழ ஆயிரம் பேரை எதிர்கொள்கிறார்கள். எந்த மனிதனுக்கும் கண் மூடாத நேரம் அது. அந்த நேரத்தில் அவர்கள்மீது சிறுதூக்கத்தை இறக்கி, அதை மன அமைதியாக ஆக்கினான் அல்லாஹ். உஹதிலும், அவ்வளவு பெரிய துக்கத்துக்குப் பிறகு, அப்படித்தான் இறக்கினான். அன்ஃபால் சூராவும் ஆலஇம்ரான் சூராவும் இதைப் பேசுகின்றன. தூக்கத்துக்கான வழிகளை நாம் செய்யலாம். அதைத் தருபவன் அவன். இந்த அடிப்படை மனதில் இருந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

உடலுக்கும் உரிமை உண்டு

தூக்கத்தைக் குறைப்பதுதான் தக்வா என்று சிலர் நினைக்கிறார்கள். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களை அழைத்து, உன் உடலுக்கும் உன் கண்ணுக்கும் உன்மீது உரிமை இருக்கிறது என்ற கருத்தை எடுத்துச் சொன்னார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். ஒருமுறை பள்ளிவாசலில் இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பதைக் கண்டார்கள். ஸைனப் (ரலி) அவர்கள் தொழுது களைத்துப்போனால் பிடித்துக்கொள்ளும் கயிறு அது. அதை அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். தெம்பு இருக்கும்வரை தொழட்டும், சோர்ந்தால் உட்காரட்டும் என்பதுதான் அந்தப் போதனை.

யமனில் முஆத் (ரலி) அவர்களும் அபூமூஸா (ரலி) அவர்களும் தங்கள் இரவு வணக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். நின்று வணங்குவதற்கு எப்படி நன்மையை எதிர்பார்க்கிறேனோ, அப்படியே என் தூக்கத்துக்கும் எதிர்பார்க்கிறேன் என்ற கருத்தில் முஆத் (ரலி) பேசியது புகாரியில் பதிவாகியிருக்கிறது. அடுத்த வணக்கத்துக்குத் தெம்பு வேண்டும் என்ற நிய்யத்தோடு தூங்கினால் அந்தத் தூக்கமே இபாதத். ஆகவே, நன்றாகத் தூங்க வேண்டும் என்று ஒரு முஸ்லிம் அக்கறைப்படுவதில் எந்தத் தவறும் இல்லை.

கடிகாரம் எதை அளக்கிறது?

மணிக்கட்டில் இருக்கும் அந்தக் கருவி பச்சை ஒளியைத் தோலுக்குள் பாய்ச்சி, ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்து நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறது. கை அசைகிறதா இல்லையா என்பதையும் பார்க்கிறது. இந்த இரண்டையும் வைத்து, இப்போது இவர் தூங்குகிறார், இது ஆழ்ந்த தூக்கம் என்று ஊகிக்கிறது. தூக்கத்தை முறையாகச் சோதிக்கும் மருத்துவமனையில் தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் அலைகளையும், கண் அசைவையும், மூச்சையும், ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனையும் சேர்த்துப் பதிவு செய்வார்கள். நம் கைக்கடிகாரத்துக்கு மூளை அலை தெரியாது. படுத்த நேரம், எழுந்த நேரத்தை அது ஓரளவு நன்றாகச் சொல்லும். தூக்கத்தின் ஆழத்தைப் பற்றி அது சொல்வது உத்தேசக் கணக்கு.

இதைக் கட்டிக்கொள்வது கூடும். ஹலாலான ஒரு கருவி. இரவு பன்னிரண்டரை மணிக்கு முன்னால் நான் படுப்பதே இல்லை என்பதை அது ஒருவருக்கு உணர்த்தினால் அதுவும் நன்மைதான். ஆனால் அந்த எண்ணையே நீதிபதியாக ஆக்கிவிடக் கூடாது. நல்ல மதிப்பெண் வாங்க வேண்டுமே என்ற கவலையிலேயே தூக்கம் கெட்டவர்களைக் கண்டு, அமெரிக்க ஆய்வாளர்கள் 2017-ல் அதற்கு "ஆர்த்தோசோம்னியா" என்று பெயர் வைத்தார்கள். காலையில் புத்துணர்ச்சியோடு எழுந்த மனிதர், வாட்ச்சில் மதிப்பெண் குறைவாக இருப்பதைப் பார்த்ததும் சோர்ந்துபோகிறார்! தன் உடம்பைவிட அந்தத் திரையை நம்புகிறார்.

ஒரு வாலிபர் கேட்டார்: "ஹழ்ரத், தஹஜ்ஜுதுக்கு எழுந்திருக்கிற அன்னைக்கெல்லாம் ஸ்கோர் குறையுது. என்ன செய்ய?" அந்த வாட்ச்சுக்குத் தெரிந்தது அவர் எழுந்தார் என்பது மட்டுமே. எதற்காக எழுந்தார், யாருக்கு முன்னால் நின்றார், எதைக் கேட்டு அழுதார் என்பது அதில் பதிவாகாது. ஆனால் அவருக்கு இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னேன்: தஹஜ்ஜுதுக்கு எழ நினைப்பவர் இஷா தொழுதவுடன் படுக்க வேண்டும். பன்னிரண்டு மணிவரை விழித்திருந்துவிட்டு மூன்று மணிக்கு எழுந்தால், அந்த உடம்பின் உரிமையை யார் கொடுப்பது?

தியான ஆப்களின் சட்டம்

ஹெட்ஸ்பேஸ் 2010-ல் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் முன்பு புத்த துறவியாக இருந்தவர். காம் என்ற ஆப் 2012-ல் வந்தது. இதுபோல் இன்று ஏராளமானவை இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தையில் சட்டம் சொல்ல முடியாது.

மூச்சை மெதுவாக இழுத்து விடுவது, உடலின் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவது, மழைச் சத்தம் கேட்பது போன்றவை உடலுக்கான பயிற்சிகள். மருந்து சாப்பிடுவதுபோல இவையும் ஆகுமானவை. ஆனால் மந்திரங்களை உச்சரிக்கச் சொன்னால், அல்லாஹ் அல்லாத சக்தியிடம் வேண்டச் சொன்னால், பிரபஞ்சம் நமக்குத் தரும் என்று நம்பச் சொன்னால், அங்கே நிறுத்திவிட வேண்டும். அது ஈமான் சம்பந்தப்பட்டது. இசை கலந்ததை விட்டும் தவிர்ந்துகொள்ளுங்கள்.

ஆகுமானதைப் பயன்படுத்துபவரும் ஒன்றை யோசிக்க வேண்டும். ஃபாத்திமா (ரலி) அவர்களுக்குத் திருகை அரைத்து அரைத்துக் கை நொந்துபோய்விட்டது. வேலைக்கு ஒரு பணியாளர் கேட்டார்கள். இரவு அவர்கள் படுத்த பிறகு தந்தையாகிய பெருமானார் (ஸல்) வீட்டுக்கு வந்து, படுக்கும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 சொல்லும்படியும், பணியாளரைவிட இது சிறந்தது என்றும் கற்றுக்கொடுத்தார்கள். உழைத்துக் களைத்த உடம்புக்கும் மனதுக்கும் நபியவர்கள் தந்தது இது.

ஒளூ செய்வது, விரிப்பை உதறுவது, வலப்பக்கம் சாய்ந்து படுப்பது, ஆயத்துல் குர்ஸீ ஓதுவது, மூன்று குல் சூராக்களை ஓதிக் கையில் ஊதி உடலில் தடவுவது எல்லாம் ஸுன்னத். பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களுக்கு ஒரு துஆவையும் கற்றுக்கொடுத்தார்கள். என்னை உன்னிடம் ஒப்படைத்துவிட்டேன், என் காரியங்களை உன் பொறுப்பில் விட்டுவிட்டேன் என்பதுதான் அதன் சாரம். கவலையை விடு என்று ஆப் சொல்கிறது. யாரிடம் விடுவது என்பதை ஸுன்னத் சொல்கிறது. தூங்காதவன், சிறுதூக்கமும் பிடிக்காதவன் ஒருவன் இருக்கிறான். கடையின் கடனையும் மகளின் திருமணத்தையும் அவனிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் கண்ணை மூடுங்கள்.

தூக்கத்தைத் திருடுவது யார்?

இஷாவுக்கு முன் தூங்குவதையும், இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் பெருமானார் (ஸல்) வெறுத்தார்கள். இன்றைக்கு நம் பேச்சு முழுக்கச் செல்போனோடு. நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனத்தின் தலைவர் 2017-ல், எங்களுடைய போட்டியாளர் தூக்கம்தான் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். தூக்கத்தைத் தருகிறேன் என்கிற ஆப்பும், தூக்கத்தோடு போட்டி போடுகிற ஆப்பும் ஒரே செல்போனில் அருகருகே இருக்கின்றன. தியானத்துக்காகத் திறந்த கை அடுத்த நிமிடம் ரீல்ஸுக்குப் போய்விடுகிறது.

இரவில் தூங்கும்போது விளக்குகளை அணைக்கும்படி நபி (ஸல்) ஏவினார்கள். அது நெருப்பு அபாயத்திலிருந்து பாதுகாப்பதற்காகச் சொல்லப்பட்டது. இருட்டில்தான் நம் உடல் மெலடோனின் என்ற சுரப்பை வெளிவிடுகிறது, இரவில் கண்ணில் படும் வெளிச்சம் அதைத் தாமதப்படுத்துகிறது என்பதை இன்றைய மருத்துவமும் சொல்கிறது. முகத்துக்கு நேரே பிடித்திருக்கும் திரையும் ஒரு விளக்குதான்.

இஷாவுக்குப் பின் எந்தப் பேச்சும் கூடாது என்பதல்ல. குடும்பத்தாரோடு பேசுவதற்கும், விருந்தாளிக்கும், கல்விக்கும் அனுமதி இருக்கிறது. சவூதியில் இரவு ஒன்பது மணி என்றால் நமக்குப் பதினொன்றரை. வேலை முடிந்து அறைக்கு வரும் மகனோடு தாய் பேசட்டும். அது உறவைப் பேணுவது. பேசி முடித்த பிறகு அதே செல்போனில் ஒரு மணி நேரம் போகிறதே, அதைத்தான் நிறுத்த வேண்டும்.

நோய்க்கு மருத்துவம்

தூக்கம் வராததெல்லாம் ஈமான் குறைவு என்று யாரையும் புண்படுத்தாதீர்கள். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் வண்டி ஓட்டும்போதே கண் சொக்குவது போன்றவை ஸ்லீப் ஆப்னியா என்ற நோயின் அடையாளமாக இருக்கலாம். வாட்ச்சில் மதிப்பெண் நன்றாக இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாமல் மருத்துவரிடம் போங்கள். மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னதும் நம் நபிதான். துஆவும் செய்யுங்கள், மருந்தும் எடுங்கள்.

இரவுப் பணி பார்க்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பகலில் அவர்கள் தூங்கும் அறையை இருட்டாக்கி, சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு நீங்கள் செய்யும் உதவி அது.

கைபரிலிருந்து திரும்பும் வழியில் பெருமானாரும் (ஸல்) ஸஹாபாக்களும் ஸுப்ஹு நேரத்தில் தூங்கிவிட்டார்கள். வெயில் பட்டுத்தான் விழித்தார்கள். பிறகு அந்தத் தொழுகையை நிறைவேற்றினார்கள். இதைச் சொல்லிக்கொண்டு தினமும் ஸுப்ஹை விடுபவர்கள், அந்த ஹதீஸின் முன்பகுதியைக் கவனிக்க வேண்டும். படுப்பதற்கு முன்பே, எழுப்பிவிடும் பொறுப்பைப் பிலால் (ரலி) அவர்களிடம் கொடுத்துவிட்டுத்தான் படுத்தார்கள். முயற்சி செய்தும் அசந்து தூங்கியவருக்குத் தங்கடம் உண்டு. இரண்டு மணிவரை வீடியோ பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு எழ முடியவில்லை என்பவர் என்ன தங்கடம் சொல்வார்?

இன்றிரவே தொடங்குங்கள். சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். செல்போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். ஒளூவோடு படுத்து, தஸ்பீஹை விரலில் எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாலும் திக்ரிலேயே தூங்கிய பாக்கியம் கிடைக்கும். காலையில் எழுந்ததும் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், உயிரைத் திருப்பித் தந்தவனுக்கு ஒரு அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். பிறகு ஸுப்ஹு ஜமாஅத்துக்கு வாருங்கள்.

அல்லாஹு தஆலா நம் அனைவருக்கும் நிம்மதியான தூக்கத்தையும், அதிகாலை விழிப்பையும், உடல் ஆரோக்கியத்தையும் தந்தருள்வானாக! தூக்கமின்றித் தவிக்கும் நோயாளிகளுக்கு ஷிஃபாவைக் கொடுப்பானாக! நம் கடைசித் தூக்கத்தை ஈமானோடு ஆக்கிவைப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.