நேர்ச்சையும் தாகமும்

தவக்காலத்தில் நேர்ந்துகொண்ட ஒறுத்தலை நடுவழியில் கைவிடுவது பாவமா? இறைமக்கள் பலர் நம்மிடம் இதைக் கேட்டதுண்டு. தேரிக்காட்டைக் காணும்வரை விடை நமக்குத் தெரியும் என்றே எண்ணியிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், தவக்காலத் திருப்பயணமாக, பங்கு இளைஞர் நால்வரை அழைத்துக்கொண்டு புதுச்சேரியிலிருந்து மணப்பாடு திருச்சிலுவை ஆலயத்திற்கு மிதிவண்டியில் சென்றோம். தூரம் 500 கிலோமீட்டருக்கும் மேல். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாரை நினைந்து, கடைசி நாளன்று மணப்பாட்டை அடையும்வரை தண்ணீரும் அருந்துவதில்லை என நேர்ந்துகொண்டோம். சொன்னது நாம், இளைஞர்கள் தலையசைத்தார்கள். பங்குக் குருவை மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்?

திருச்செந்தூரிலிருந்து கடலோரமாகவே போயிருக்கலாம். அது எளிது என்பதாலேயே காயாமொழிப் பக்கம் திரும்பினோம். கடலுக்கு இத்தனை அருகில் ஒரு பாலை கிடப்பதை நம் புதுச்சேரி மக்கள் பலர் அறியார். இரும்புத் துரு ஏறிச் சிவந்த மணல். காற்று அதை மேடு மேடாகக் குவித்து வைத்திருக்கிறது. பாதையில் மணல் படிந்த இடங்களில் சக்கரம் புதைந்தது, இறங்கித் தள்ளினோம். பங்குனி வெயில். முற்பகலிலேயே, நால்வரில் இளையவன் வண்டியோடு சரிந்தான். உதடு வெடித்திருந்தது. வண்டியில் கட்டியிருந்த தண்ணீர்ப் புட்டி குறையாமல் இருந்தது.

"தாகம் என்று ஏன் சொல்லவில்லை?"

"நேர்ச்சை, ஃபாதர்."

பதனீர் இறக்கிக்கொண்டு வந்த பனையேறி ஒருவர் ஓடிவந்து, ஓலைப் பட்டையில் ஊற்றி நீட்டினார். அவர் நாள்தோறும் அதே வெயிலில் பனை ஏறி இறங்குபவர். அதை எந்த நேர்ச்சையிலும் சேர்த்துக்கொண்டவர் அல்லர். பையன் பட்டையை வாங்கினான். குடிக்கவில்லை. நம் முகத்தைப் பார்த்தான்.

நோன்பும் விழிப்பும் அளவறிந்து, உடலை அளவுக்கு மீறி வருத்தாமல் செய்யப்படும்போதே இறைவனுக்கு உகந்தவை என்பது புனித தாமஸ் அக்குவினாஸ் தரும் விளக்கம். அதைக் குருமடத்தில் ஒப்புவித்து நல்ல மதிப்பெண் பெற்றவர் நாம். நேர்ச்சை தன் இயல்பிலேயே அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1193ஆம் விதி. அப்படியானால் அந்தப் பையனின் தாகத்தை இறைவனுக்கு நேர்ந்தது யார்? நம் தாகத்தை நாம் காணிக்கையாக்கலாம். பிறர் மகனுடைய தாகத்தை எடுத்து வைக்க நமக்கு என்ன உரிமை?

இவையெல்லாம் பிறகு தோன்றியவை. அப்போது நாம் செய்தது ஒன்றே. பட்டையை அவன் கையிலிருந்து வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். அதன் பின்னரே அவன் குடித்தான். அதுவும் அவனுக்கு ஒரு கட்டளையாகவே பட்டிருக்கும் என்பது, மாலையில் மணப்பாட்டுக் குன்றில் ஏறும்போதுதான் நமக்கு உறைத்தது.