இருட்டில் தாலி, இலட்சத்தில் கமரா

இலங்கை மலையகத்தின் கந்தப்பளையில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், படம் எடுக்க வருகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது "என்ன கமரா வச்சிருக்கீங்க தம்பி?" என்பதுதான். இதுவரை எடுத்ததைக் காட்டுங்கள் என்று கேட்பவர்கள் குறைவு. தம்பியும் பதிலைத் தயாராக வைத்திருக்கிறார். ஃபுல் ஃபிரேம், இன்ன கம்பனி, இன்ன மொடல், இத்தனை மெகாபிக்சல். கேட்டவருக்கு அதில் பாதி விளங்காது. விளங்காத காரணத்தாலேயே நம்பிக்கை கூடுகிறது. மணவறையில் ஐயர் சொல்லும் மந்திரத்துக்கும் இதே காரணத்தால்தான் மரியாதை.

கல்யாணப் படம் எடுப்பதைத் தொழிலாகக் கொண்டவருக்கு விலையுயர்ந்த கமரா வேண்டுமா? வேண்டும் என்பவர்கள் சொல்லும் காரணங்களில் சில உண்மையானவை. பெரும்பாலானவை நாமே உண்டாக்கிக்கொண்டவை. அப்படி உண்டாக்கிய தேவைக்குக் கடைசியில் காசு கட்டுவது கொழுந்து பறிக்கிற கை. அதனால்தான் இதை வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக விட்டுவிட என்னால் முடியவில்லை.

உண்மையான தேவையை முதலில் சொல்லிவிடுகிறேன். தாலி ஒருமுறைதான் கட்டப்படும். அந்த நேரத்தில் கமரா நின்றுபோனால் எந்த மன்னிப்பும் அதைத் திருப்பித் தராது. ஆகவே தொழில் செய்கிறவரிடம் இரண்டு கமரா இருக்க வேண்டும். ஒன்று பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரே படத்தை இரண்டு மெமரி கார்டில் பதியும் வசதி இருந்தால் நல்லது. மேலதிக பற்றரி, ஒரு ஃபிளாஷ், வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விடும் ஒரு லென்ஸ் ஆகியவையும் வேண்டும். இவற்றைக் குறைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவர் அந்தக் குடும்பத்தின் நாளோடு சூதாடுகிறார்.

இந்தப் பட்டியலில் எதற்கும் 'உயர்தரம்' என்ற முத்திரை தேவையில்லை. கமராவோடு வரும் சாதாரண சூம் லென்ஸ், முழுதாக நீட்டியபோது பெரும்பாலும் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ், லென்ஸ் வகைகளிலேயே மலிவானவற்றில் ஒன்று. அது அந்த சூம் லென்ஸைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. சிறிய சென்சார் கமராவை விட்டுவிட்டு பல இலட்சம் கொடுத்து ஃபுல் ஃபிரேமுக்கு மாறினால் சென்சாரின் பரப்பு கூடுவது சுமார் இரண்டரை மடங்குதான். எதற்கு எவ்வளவு கொடுத்து எவ்வளவு பெறுகிறோம் என்று ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தால் போதும். மெகாபிக்சல் கதையும் இப்படித்தான். 12க்கு 8 அங்குல அல்பப் பக்கத்தைத் தெளிவாக அச்சிட ஒன்பது மெகாபிக்சலுக்கும் குறைவாகவே தேவை. 2004இல் வந்த நிக்கோன் டி70 வெறும் ஆறு மெகாபிக்சல். அதை வைத்து உலகம் முழுவதும் கல்யாணம் எடுத்தார்கள். அந்த அல்பங்களைப் பார்த்து இன்று யாரும் குறை சொல்வதில்லை. மிச்சப் படங்களெல்லாம் போய்ச் சேருவது வாட்ஸ்அப்பில். வழக்கமான முறையில் அனுப்பினால் அது எந்தக் கமராவின் படமானாலும் சுருக்கித்தான் அனுப்பும்.

ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிற நம் ஊரின் உண்மையான எதிரி பனி. வெளிக்குளிரிலிருந்து சனம் நிறைந்த சூடான மண்டபத்துக்குள் கமராவைக் கொண்டுபோன உடனே லென்ஸில் ஆவி படியும். பத்து இலட்சத்துக் கமராவிலும் படியும். வெளியிலேயே ஒரு பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, உள்ளே வந்து சூடு பிடித்த பிறகு பிரித்தால் படியாது. மூடுபனியில் எடுத்தால் கமராவின் மீற்றர் ஏமாந்து படத்தை இருட்டாக்கும், கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். இந்த அறிவு விலைப்பட்டியலில் வராது. இந்த மலையில் நடந்து பழகியவருக்குத்தான் வரும்.

சரி, "அதிகாலை ஐந்தரைக்கு முகூர்த்தம், மண்டபத்தில் மங்கல் வெளிச்சம், அந்த இருட்டில் எடுக்க பெரிய கமரா இல்லாமல் முடியாது" என்கிறார்கள். இந்த வாதம் தொழில்நுட்பப்படி சரி. ஆனால் அந்த இருட்டை யார் தெரிவு செய்தது? நம் மலையில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையில் உதிக்கிறது. மேகமூட்டமான பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். மண்டபத்துக்குள் நூறு, இருநூறு இருந்தாலே அதிகம். பத்து மணிக்கு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வாசலை ஒட்டி மணவறை போட்டால் எந்தச் சாதாரண கமராவும் அந்தக் கல்யாணத்தை அழகாக எடுக்கும். இருட்டில்தான் தாலி கட்ட வேண்டும் என்று சொன்னது பஞ்சாங்கம். அதுவும் ஒரு பஞ்சாங்கம் சொன்னதை இன்னொன்று சொல்வதில்லை. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு ஒரு நேரம், திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கு இன்னொரு நேரம். தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத இரண்டு கணக்குகளை நம்பி இருட்டைத் தேடிப் போகிறோம். பிறகு அந்த இருட்டை வெல்ல இலட்சக்கணக்கில் இயந்திரம் வாங்குகிறோம்.

பஞ்சாங்கம் இன்னொரு வேலையும் செய்கிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை. மிச்ச மாதங்களிலும் 'நல்ல நாள்' என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாட்கள். எல்லாக் கல்யாணங்களும் அந்த நாட்களில் வந்து நெருக்குகின்றன. படம் எடுப்பவருக்கு ஆண்டில் வேலை கிடைப்பது அந்தச் சில நாட்களில்தான். அதற்குள் கமராவின் தவணையைக் கட்டியாக வேண்டும். அப்படியானால் ஒரு கல்யாணத்துக்கு அவர் கேட்கும் தொகை எப்படிக் குறையும்? மூடநம்பிக்கைக்கு விலை இல்லை, அது மனத்திருப்திக்குத்தானே என்பவர்கள் இந்தப் பில்லைப் பார்க்கட்டும்.

1928இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்த திருமணத்தில் ஐயரும் இல்லை, மந்திரமும் இல்லை. தமிழ்நாட்டில் 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டமே வந்தது. நம் நாட்டிலும் பதிவுத் திருமணத்துக்குச் சட்டம் கேட்பது பதிவாளரையும் சாட்சிகளையும் கையொப்பத்தையும். நல்ல நேரத்தை அது கேட்கவில்லை. இவ்வளவு தூரம் வந்த பிறகு, ஐயர் எழுந்துபோன இடத்தில் கமராவைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறோம். "தாலியை அப்படியே பிடிச்சுக்கிட்டு இங்க பாருங்க" என்றால் மாப்பிள்ளை பார்க்கிறார். "இன்னொருக்கா மாலை மாத்துங்க" என்றால் மாற்றுகிறார்கள். பெரிய கமராவைப் பார்த்ததும் பெரியவர்களே எழுந்து வழி விடுகிறார்கள்.

இப்போது காசுக்கு வருகிறேன். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் அடிப்படையை 1,550 ஆக்கி, வேலைக்கு வருவதற்கு அரசாங்கம் 200 ரூபா சேர்த்து, 1,750 என்றார்கள். கல்யாணப் படத்துக்கு ஒரு இலட்சம் என்று பேசி முடித்தால், சேமலாப நிதிக் கழிவையும் கடைக் கடனையும் கணக்கில் சேர்க்காமலே அது 1,750 கணக்கில் 57 நாள் வேலை. மாதத்தில் இருபது நாள் பெயர் விழுந்தால் ஏறக்குறைய மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் அட்டைக்கடியிலும் மழையிலும் நின்றவள் பெரும்பாலும் பெண்ணின் அம்மா. அவள் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போகிறது, அல்லது நுண்கடன்காரர் வாரா வாரம் லயத்து வாசலுக்கு வருகிறார்.

படம் எடுக்கிற தம்பியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. அவரும் பெரும்பாலும் லயத்துப் பிள்ளைதான். கொழும்புக் கடைகளில் நின்று சேர்த்த காசில் ஒரு தொழிலைப் பிடித்திருக்கிறார். 2021இல் வெளியான சோனி ஏ7 IV கமராவின் விலை 2,500 டொலர். அப்போது டொலர் 200 ரூபாவை ஒட்டி நின்றது. 2022 மே மாதத்தில் 360 ஆனது. அதே கமரா கணக்குப்படி ஐந்து இலட்சத்திலிருந்து ஒன்பது இலட்சமானது, வரியும் கடை இலாபமும் தனி. சின்னக் கமராவோடு போனால் 'தோட்டத்துப் பொடியன்' என்று விலையைக் குறைக்கிறார்கள், பெரிய கமராவோடு போனால் 'சேர்' என்கிறார்கள் என்பது அவர் கண்ட உண்மை. அவர் வாங்கியது அந்த மரியாதையை. அந்த அவமானத்தை அவருக்குக் கொடுத்தவர்கள் நாம். ஆனாலும் ஒன்றை அவரிடம் சொல்லத்தான் வேண்டும். தம்பி, உங்கள் மரியாதைக்கான விலையை இன்னொரு கொழுந்துக்காரியின் கடனில் ஏற்றாதீர்கள்.

ஆசைப்படுவது தவறா என்று கேட்பீர்கள். தவறே இல்லை. நம் சனத்துக்கு நல்ல படம் கிடைத்ததே அண்மையில்தான். நம் பாட்டன் பாட்டிகளில் பலர் வாழ்க்கையில் முதன்முதலாகக் கமராவுக்கு முன்னால் நின்றது கல்யாணத்துக்காக அல்ல. 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அதன் பிறகு கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பத்துக்கும் ஒட்டுவதற்காக ஸ்டூடியோ ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து எடுத்த அந்தச் சின்னக் கறுப்பு வெள்ளைப் படம்தான் பல வீடுகளில் அவர்களுடைய ஒரே படம். நாடு கடத்துவதற்காக எடுத்த முகம். அப்படிப்பட்ட சமூகத்தின் பேத்தி, தன் கல்யாணத்தில் பூவோடும் சிரிப்போடும் ஒரு படம் வேண்டும் என்று கேட்பது அவளுடைய உரிமை. அந்த உரிமையைப் பிடித்துக்கொண்டு அவளுக்குத் தேவையில்லாததை விற்பதன்மீதுதான் என் கோபம்.

அவளுக்கு விற்கப்படுவது இன்னும் மோசமானது. கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலானது. அந்தச் சுற்றுவட்டாரத் தேயிலைச் சரிவுகளில் வெளியூர்ச் சோடிகள் கல்யாணத்துக்கு முன்னான ப்ரீஷூட் படங்கள் எடுக்கிறார்கள், கூடை சுமந்தவர்கள் பின்னணியில் நிற்க. அந்தப் படங்கள் நம் பிள்ளைகளின் கைபேசிக்கு வருகின்றன, அழகென்றால் இதுதான் என்று. பிறகு நம் பெண்ணின் கல்யாணத்தில் என்ன நடக்கிறது? மனிதத் தோலின் ஒவ்வொரு நிறத்தையும் பிரித்தறியும் சென்சாரில் அவளுடைய கறுப்பைப் பிடித்துவிட்டு, அதே இரவு கணினியில் அதை வெளுக்கிறார்கள். அல்பத்தில் இருப்பது அவளே அடையாளம் காண முடியாத ஒரு வெள்ளைத் தோல். கொடக் நிறுவனம் 1950களிலிருந்து வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படத்தை, 'ஷேர்லி அட்டை' என்று, நிறத்தின் அளவுகோலாகப் படம் கழுவும் கூடங்களுக்கு அனுப்பியது. அதனால் கறுப்புத் தோல் பல காலம் சரியாக விழவில்லை. அது பிலிமின் குறை, இன்று அந்தக் குறை தீர்ந்துவிட்டது. குறை இப்போது நம் புத்தியில் இருக்கிறது. உண்மையை அழிக்கத்தான் போகிறோம் என்றால் உண்மையைத் துல்லியமாகப் பிடிக்கும் கமராவுக்கு எதற்காக இத்தனை இலட்சம்?

துல்லியம் மட்டுமே படமாகிவிடாது என்பதற்குச் சாட்சி நம் மலையிலேயே உண்டு. பொகவந்தலாவையில் புனித மரியாள் ஆலயத்துக் கல்லறையில் ஜூலியா மார்கரெட் கமரோன் புதைக்கப்பட்டிருக்கிறார். உலகப் புகைப்பட வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர். 1875இல் இலங்கைக்கு வந்தார், 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கத்துக் கிளென்கெயர்ன் தோட்டத்தில் இறந்தார். அவருடைய படங்கள் தெளிவில்லை, ஃபோகஸ் இல்லை என்று இங்கிலாந்தில் அவர் காலத்து நிபுணர்கள் எழுதினார்கள். அந்த நிபுணர்களின் கூர்மையான படங்களை இன்று யாரும் தேடுவதில்லை, கமரோன் எடுத்த முகங்களைத் தேடுகிறார்கள். அவர் இங்கே தோட்டத்துத் தமிழ் மக்களையும் எடுத்தார். அந்த முகங்களுக்கு உரியவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் எடுத்தது கண்ணாடித் தட்டில், அசையாமல் நெடுநேரம் நிற்கவைத்து. இன்றைய மலிவான கமராகூட அவருடையதைவிட எத்தனையோ மடங்கு திறன் கொண்டது. குறைவாக இருப்பது எதிரே நிற்பவரைப் பொறுமையாகப் பார்க்கும் கண்.

அடுத்த தையில் வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களிடம் கேட்கிறேன். பகல் பத்து மணிக்கு வையுங்கள். படம் எடுக்க வருகிறவரிடம் கமராவின் பெயரைக் கேட்காதீர்கள். லயத்துக் காம்பராவிலோ கோவில் மண்டபத்திலோ அவர் எடுத்த ஒரு கல்யாணத்தை, பொறுக்கிய பத்துப் படங்களாக இல்லாமல் முழு அல்பமாகக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கமரா பழுதானால் மற்றது இருக்கிறதா, படங்களை எத்தனை இடத்தில் பத்திரப்படுத்துவார் என்று கேளுங்கள். பெண்ணின் நிறத்தை மாற்றக் கூடாது என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். தொகையைச் சொன்னதும், அம்மாவின் நாட்சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். விடை உங்களை உறுத்தினால் வேண்டாம் என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.