பலனைத் துறத்தல் என்பது எதை?

பலனில் பற்றின்றிச் செயல்புரிய வேண்டும் என்கிறது பகவத்கீதை. அப்படியானால் செயலின் விளைவைப் பற்றிச் சிந்திக்கவே கூடாதா? விளைவை எண்ணாமல் செய்யும் பணி செம்மையாக அமையுமா? சாதகர் பலருக்கும் எழும் ஐயம் இது. டோக்கியோ நகரின் நடுவிலுள்ள ஒரு ஷின்டோ ஆலயம் இதைத் தெளிவுபடுத்த உதவுகிறது.

அதுவே மெய்ஜி ஆலயம். 1893-இல் சுவாமி விவேகானந்தர் சிகாகோ செல்லும் வழியில் ஜப்பானில் தங்கியபோது அந்நாட்டின் சக்கரவர்த்தியாக இருந்தவர் மெய்ஜி. அவரையும் அரசி ஷோக்கெனையும் போற்றி 1920-இல் இவ்வாலயம் நிறுவப்பட்டது. வழிபட வருவோர் மரத்தாலான உயர்ந்த தோரண வாயிலில் தலைவணங்கி நுழைகின்றனர். நீர்த்துறையில் கைகளையும் வாயையும் தூய்மை செய்கின்றனர். சன்னிதியில் இருமுறை வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குகின்றனர். வாயிலுக்கும் சன்னிதிக்கும் இடையே அடர்ந்த காடு. அது இயற்கையாகத் தோன்றியதன்று, மனிதர் நட்டது.

நாடெங்குமிருந்து மக்கள் சுமார் 1,00,000 மரங்களைக் காணிக்கையாக அளித்தனர். இளைஞர்கள் திரண்டுவந்து நட்டனர். பிரதமர் ஒகுமா ஷிகெனோபு, பழம்பெரும் ஆலயங்களில் இருப்பதுபோல் வானளாவிய சுகி மரங்களே வேண்டும் என்றார். டோக்கியோவின் மண்ணிலும் புகையிலும் அவை செழிக்கமாட்டா என்று ஹோண்டா செய்ரோக்கு முதலிய வனவியல் அறிஞர்கள் மறுத்தனர். ஓக், கற்பூர மரம் போன்ற பசுமை மாறா மரங்களைத் தேர்ந்தனர். முதலில் பைன் மரங்கள் ஓங்கி நிற்கும்; காலப்போக்கில் அவை விலக, இவை தலைதூக்கும்; ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, தன் விதைகளாலேயே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் காடு உருவாகும். இதுவே அவர்களது திட்டம். ஹோண்டா 1952-இல் மறைந்தார்.

அவர்கள் விளைவை எண்ணாதவர்களா? நூறாண்டு விளைவை நுணுகி எண்ணியவர்கள்! துறந்தது விளைவைப் பற்றிய சிந்தனையை அன்று. அதில் 'எனக்கு' என்ற பங்கை.

காணிக்கை அளித்தவரிடம் புகழாசை இருந்திருக்காதா என்று கேட்கலாம். இருந்திருக்கலாம். உள்ளத்தை அளக்க நம்மால் இயலாது. ஆனால் அத்திட்டத்தின் முடிவான நிலையைக் கவனியுங்கள்: நட்டவனின் துணையே தேவைப்படாத காடு. நமது பற்றின்மைக்கு இதைவிடக் கடுமையான சோதனை வேறில்லை. பலனை வேண்டாம் என்று சொல்வது எளிது. 'நானில்லாமலும் இது நடக்கட்டும்' என்று மனமார விரும்புவது அரிது. நாம் நடத்தும் சேவை நிலையம், வளர்க்கும் பிள்ளை, பயிற்றுவிக்கும் மாணவன் ஆகிய இடங்களில் அகங்காரம் ஒளிந்திருப்பது இங்குதான்.

1945-இல் விமானக் குண்டுவீச்சில் ஆலயம் எரிந்தது. 1958-இல் மீண்டும் எழுந்தது. காடு இன்றும் வளர்கிறது. பாதையில் உதிரும் இலைகளைப் பெருக்கி, வெளியே கொட்டாமல் மரங்களின் அடியிலேயே சேர்க்கிறார்கள். நம் செயல்களின் பலனும் அவ்வாறே, நாம் வைத்துக்கொள்ளாமல், அது வந்த மூலத்திற்கே திரும்பட்டும்.