நாணயம் விற்கிறவர்கள்

தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. கையில் புழங்கும் காசுக்கும் அதுதான் பெயர். மனிதனின் நேர்மைக்கும் அதுதான் பெயர். ஒருவரை நாணயமானவர் என்று சொன்னால், அவர் மடியில் எத்தனை காசு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இரண்டும் சேர்ந்தே கைமாறும் என்றால் சொல்லில் குழப்பம் இல்லை. ஆனால் காசையே சரக்காக வைத்து விற்கும்போது, விற்கிறவன் எந்த நாணயத்தை நமக்குக் கொடுக்கிறான், எந்த நாணயத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறான் என்ற கேள்வி எழுகிறது. சில காலமாக இந்தக் கேள்வி என் மனத்தை விட்டு அகலாமல் இருக்கிறது.

அமெரிக்க அரசாங்கத்தின் நாணயச்சாலை, 1986-ஆம் ஆண்டிலிருந்து 'வெள்ளிக் கழுகு' என்ற நாணயத்தை அடித்து வருகிறது. ஒவ்வொன்றிலும் ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 31 கிராம் வெள்ளி. அதன் 25-ஆம் ஆண்டு நிறைவுக்காக, 2011 அக்டோபர் 27-ஆம் தேதி, ஐந்து நாணயங்கள் அடங்கிய ஒரு பெட்டியை விற்பனைக்கு விட்டார்கள். மொத்தம் 1,00,000 பெட்டிகள்தாம். ஒரு வீட்டுக்கு ஐந்து பெட்டிகளுக்கு மேல் கொடுப்பதில்லை என்ற கட்டுப்பாடு வேறு. பெட்டியின் விலை 299 டாலர் 95 சென்ட். ஐந்து மணி நேரத்துக்குள் அத்தனையும் தீர்ந்துவிட்டன.

அன்று சந்தையில் வெள்ளி, அவுன்ஸ் ஏறக்குறைய 35 டாலர். ஐந்து அவுன்ஸுக்கு 175 டாலர். அப்படியானால் மீதி 125 டாலர் எதற்காக? அச்சின் நேர்த்திக்காக, பெட்டிக்காக. எல்லாவற்றுக்கும் மேலாக, 'இது கொஞ்சந்தான் இருக்கிறது, இனி வராது' என்ற ஒரு வாக்கியத்துக்காக. வெள்ளியை உரைத்துப் பார்க்கலாம், நிறுத்துப் பார்க்கலாம். அந்த வாக்கியத்தை எந்தத் தராசில் வைப்பது? நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆகையால் அந்த 125 டாலர் எனக்கு அந்நியமானதல்ல. அது கதைக்குக் கொடுத்த விலை.

கதைக்கு விலை கொடுப்பதில் தவறு ஒன்றும் இல்லை. கொடுக்கிறவனுக்கு அது கதை என்று தெரிந்திருந்தால் சரி. சிக்கல், அதைத் திரும்ப விற்கும்போதுதான் தொடங்குகிறது.

அந்தப் பெட்டிகளை வாங்கியவர்களில் ஆசையோடு அலமாரியில் வைத்தவர்களும் உண்டு. விற்பதற்கென்றே வாங்கியவர்களும் உண்டு. தொடக்கத்தில் மறுவிற்பனை விலை ஏறவும் செய்தது. ஆனால் வெள்ளியின் போக்கு வேறாக இருந்தது. 2011 ஏப்ரலில் 49 டாலரை நெருங்கியிருந்த அவுன்ஸ், 2015 முடிவில் 14 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. வாங்கிய அன்று 175 டாலர் வெள்ளி இருந்த பெட்டியில், அப்போது 70 டாலர் வெள்ளிதான் இருந்தது. நாணயம் தேயவில்லை, கறுக்கவில்லை. பூட்டிய அலமாரிக்குள்ளேயே பாதிக்கு மேல் கரைந்துவிட்டது.

இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது. 1980 ஜனவரியில், ஹண்ட் என்ற கோடீஸ்வரச் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்த நாட்களில், அவுன்ஸ் 50 டாலரை எட்டிப் பார்த்தது. மார்ச் 27-ஆம் தேதி அது 11 டாலருக்கும் கீழே விழுந்தது. அந்த ஆண்டில் உருக்கு உலைக்குப் போனவற்றுள், 'குறிப்பிட்ட எண்ணிக்கைதான்' என்ற உறுதியோடு நடுத்தரக் குடும்பங்களுக்கு விற்கப்பட்ட வெள்ளிப் பதக்கங்களும் நிறைய இருந்தன. அவற்றின் கதையை உலை கேட்கவில்லை. எடையை மட்டும் கேட்டது.

இப்போது ஒரு மனிதனை நினைத்துக்கொள்வோம். ஒரு பள்ளி ஆசிரியர் என்று வையுங்கள். பிள்ளையின் படிப்புக்கு ஆகும் என்று ஐந்து பெட்டிகள் வாங்கி வைத்திருக்கிறார். விலை இறங்குகிறது, இன்னும் இறங்கும் என்று அவர் நம்புகிறார். இன்றே விற்றுவிட நினைக்கிறார். வாங்க வருகிறவர் ஓர் இளைஞர், அவரும் சம்பளக்காரர்தாம். "இது ஏறும் அல்லவா?" என்று அவர் கேட்கிறார். ஆசிரியர் என்ன சொல்ல வேண்டும்?

கேள்வி புதிதல்ல. ரோமாபுரியின் ஸிஸரோ, கி.மு. 44-இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இதற்கு நெருங்கிய உறவான ஒன்றைக் கேட்டிருக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்டிரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியக் கப்பலோடு வந்து சேருகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டுமா, வாயை மூடிக்கொண்டு நல்ல விலைக்கு விற்கலாமா? டையோஜனீஸ் என்ற அறிஞர், சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு என்றார். ஆண்டிபேட்டர் என்பவர், மனிதர்கள் ஒருவருக்கொருவர் உறவினர்கள், ஆகவே சொல்லியே தீர வேண்டும் என்றார். ஸிஸரோ ஆண்டிபேட்டரின் பக்கம் சாய்ந்தார்.

சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. 1815-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒருவர், போர் முடிந்து சமாதானம் ஆகிவிட்ட செய்தியை முன்கூட்டித் தெரிந்துகொண்டு, அதைச் சொல்லாமல் புகையிலையை மலிவாக வாங்கினார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1817-இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்ற கடமை இல்லை என்றார். ஆனால் மற்றவரை ஏமாறச் செய்யும்படி எதையும் சொல்லவும் கூடாது, செய்யவும் கூடாது என்று ஒரு கோட்டையும் கிழித்தார்.

எனக்கு ஸிஸரோவின் ஏணி சற்று உயரமாகவும், சட்டத்தின் ஏணி சற்றுக் குட்டையாகவும் தோன்றுகின்றன. நம் ஆசிரியருக்குக் கப்பல் வருவது தெரியாது. வெள்ளி விலை தினமும் பத்திரிகையில் வருகிறது, இளைஞரும் பார்க்கலாம். நாளை என்ன ஆகும் என்பது ஆசிரியருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைச் சொல்லவில்லை என்று யாரையும் குற்றம் சாட்ட முடியாது. பார்க்கப் போனால், 2015-இல் இறங்கிய விலைக்கு வாங்கிப் பொறுத்திருந்தவர்களைக் காலம் கைவிடவில்லை. 2025-இல் வெள்ளி 50 டாலரைத் தாண்டியது.

"அப்படியானால் ஆசிரியர் என்ன சொன்னால்தான் என்ன? கடைசியில் இளைஞருக்கு லாபந்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் நான் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. பின்னால் மழை பெய்ததனால், பொய்யாகச் சொன்ன ஜோசியம் மெய்யாகிவிடாது. ஆசிரியர் சொன்னது சரியா தவறா என்பதை விலை தீர்மானிப்பதில்லை. சொன்ன நேரத்தில் அவர் மனம் என்ன நினைத்தது என்பதுதான் தீர்மானிக்கிறது.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன். தெரிந்ததை எல்லாம் சொன்னாரா என்று கேட்க வேண்டாம். தாம் இழந்துவிட்ட நம்பிக்கையை இன்னொருவருக்கு விலைக்குக் கொடுத்தாரா என்று கேட்போம். வெள்ளியின் விலை வெளிப்படை. அதற்கு மேலே நிற்கும் கதையின் விலை எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. அதற்கு விற்கிறவரின் முகமும் பேச்சுந்தான் பட்டியல். 'இது ஏறும்' என்று அவர் சொன்னால், இளைஞர் வாங்குவது வெள்ளியை அல்ல, ஆசிரியரின் நம்பிக்கையை. அது அவரிடம் கையிருப்பில் இல்லை. இல்லாத சரக்கை விற்பதற்கு என்ன பெயர் என்று எல்லாருக்கும் தெரியும்.

வாங்க வருகிறவர்களும் ஒரே மாதிரியானவர்கள் அல்ல. கழுகின் சிறகு நெளிவுக்காகவே வாங்குகிறவர் உண்டு. விலை எது ஆனாலும் அவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிடுகிறது. கடைக்காரர் உண்டு, அவர் நம்மைவிட விஷயம் தெரிந்தவர். இவர்களிடம் பேசாமலிருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. மூன்றாமவர், ஏறும் என்ற எண்ணத்தாலேயே வாங்குகிறவர். அவரிடம் மட்டும் மௌனமும் ஒரு பேச்சாகிவிடுகிறது. அவர் வாய்விட்டுக் கேட்ட பிறகு புன்னகையோடு பேசாமலிருந்தால், அந்தப் புன்னகையே 'ஆமாம்' என்று சொல்லிவிடும்.

வியாபாரிக்குப் பிறர் பொருளும் தன் பொருள்போலத்தான் என்று வள்ளுவர் சொன்னதை நாம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். லாபம் வரும்போது அது சுலபம். நஷ்டம் வரும்போது, பிறர் பொருளைத் தன் பொருளாக நினைப்பதற்கு நெஞ்சில் பலம் வேண்டும். ஏனென்றால் நஷ்டம் மறைந்து போவதில்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குடிபெயர்கிறது, அவ்வளவுதான்.

ஆசிரியரின் பிள்ளைக்குப் படிப்புச் செலவு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது; இதுதான் இந்த விஷயத்தில் கடினமான பகுதி. தியாகம் செய்யும்படி நான் அவரிடம் கேட்கவில்லை. விற்கட்டும்; இன்றே விற்கட்டும்; இன்றைய விலைக்குக் கிடைக்கும் கடைசிச் சென்ட் வரை வாங்கட்டும். அது அவருடைய உரிமை. நேற்றைய கதையைச் சொல்லி நேற்றைய விலையை வாங்குவது மட்டுமே அவருடைய உரிமை அல்ல. அந்த வித்தியாசம் ஒரு பெட்டிக்கு நூறு டாலராக இருக்கலாம். ஐந்து பெட்டிக்கு ஐந்நூறு. சம்பளக்காரருக்கு அது சிறிய தொகை அல்ல. சிறிய தொகையாக இருந்தால் இதைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை.

"ஏன் விற்கிறீர்கள்?" என்று வாங்குகிறவர் கேட்டால் உண்மைக் காரணத்தைச் சொல்ல முடிகிறதா? இதைவிடச் சிறந்த உரைகல் எனக்குத் தோன்றவில்லை. "விலை இறங்கும் என்று நினைக்கிறேன், எனக்குப் பணம் வேண்டும், உங்களுக்கு வேறு எண்ணம் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொன்ன பிறகும் ஒருவர் வாங்குவாரானால், அந்த வியாபாரத்தில் குறை காண யாருக்கும் இடமில்லை. பலர் வாங்கத்தான் செய்வார்கள். நம்மைவிட நம்பிக்கையுள்ளவர்கள் உலகத்தில் எப்போதும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது வியாபாரம். நாமே உண்டாக்குவது வேறு தொழில்.