கேட்பாரில்லாத இடத்தில் நாணயம்

செவ்வாய்க் கிரகத்தில் நாம் என்ன செய்தாலும் ஏனென்று கேட்க மனிதர் எவருமில்லை. அப்படியிருந்தும், அங்கே அனுப்பும் இயந்திர வண்டிகளை அமெரிக்க விஞ்ஞானிகள் கிருமி நீக்கிய பின்னரே ஏற்றுகின்றனர். 2012 ஆகஸ்டில் அங்கு இறங்கிய கியூரியாசிட்டியையும் அவ்வாறே துப்புரவு செய்தனர். தரையிறங்கும் சாதனங்களின் மேற்பரப்பில் 3,00,000 கிருமி வித்துகளுக்கு மேல் இருக்கலாகாது என்பது வரம்பு. ஈரம் இருக்கக்கூடும் என்று ஐயுறும் இடங்களுக்கு அது செல்லவும் தடையுண்டு.

உயிர் வாழத் தக்க இடத்தைத் தேடப் போன வண்டிக்கு அத்தகைய இடமே விலக்கா என்று சிலர் வினவலாம். நாம் இத்தடையில் நியாயம் காண்கிறோம். பூமியின் கிருமியை அங்கே சிந்திவிட்டுப் பின்னர் உயிரைக் கண்டோம் என்று சொன்னால், தராசுத் தட்டில் விரலை வைத்துக்கொண்டு எடை கூறுவதற்கு ஒப்பாகும். அங்கே உண்மையிலேயே ஓர் உயிர் இருந்து, நம் கிருமியால் அது அழிந்தால், அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய எவராலும் இயலாது.

1967-இல் நடைமுறைக்கு வந்த விண்வெளி ஒப்பந்தமும் பிற கோள்களை மாசுபடுத்தித் தீங்கு செய்வதைத் தவிர்க்கச் சொல்கிறது. ஆனால் கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் காவல் நிற்பவர் யார்? அனுப்புகிறவரின் மனச்சாட்சி ஒன்றுதான். வாங்க வந்தவர் முகம் திருப்பிய வேளையிலும் படிக்கல் குறையாதிருப்பதே நாணயம் அன்றோ!