கோடாலியின் கனம்

தண்டலம், ஒரகடம் பக்கம் தொழிற்சாலை மதில்களுக்கு வெளியே சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதை வெட்ட எவ்வளவு கனமான கோடாலியோ அவ்வளவு நல்லது என்று நினைப்பவர்கள் அதிகம். கணக்கு வேறு. எடையை இரட்டித்தால் அடியின் ஆற்றல் இரண்டு மடங்கு. வேகத்தை இரட்டித்தால் நான்கு மடங்கு. தூக்கவே திணறவைக்கும் கோடாலி அந்த வேகத்தைத்தான் முதலில் தின்கிறது. பச்சை மரத்தை நாருக்குக் குறுக்கே வெட்ட மெல்லிய அலகு வேண்டும். காய்ந்த கட்டையை நார்ப்போக்கில் பிளக்கத்தான் ஆப்புபோல் பருத்த அலகு; கனம் உதவுவதும் அங்கேதான். மெல்லிய அலகால் பிளக்கப் போனால் அது கட்டைக்குள் மாட்டிக்கொள்ளும், ஆட்டிப் பிடுங்குகையில் காம்பு ஒடியும்.

மோட்டார் ரம்பம் வந்தபின் இந்த ஆராய்ச்சி எதற்கு என்பார்கள். தடித்த அடிமரத்துக்கு ரம்பமே மேல், மறுக்கவில்லை. ஆனால் அறுத்த துண்டை விறகாகப் பிளக்க ரம்பம் உதவாது. (மெல்லிய முட்கிளைகளுக்கு அரிவாளே போதும்.) போதாததற்கு, சீமைக் கருவேலத்தின் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும், தூரோடு எடுத்தாக வேண்டும். அங்கே எடுத்த எடுப்பிலேயே கோடாலியை இறக்கினால் சரளைக்கல்லில் பட்டுக் கூர் மழுங்கும். கடப்பாரையால் மண்ணை விலக்கி, வேர் வெளியே தெரிந்த பிறகே கோடாலிக்கு வேலை.