கட்டப்படாத பாரம்

பழைய காரில் புது பேட்டரி பொருத்துவது அறநெறிச் சிந்தனைக்கு உரிய பொருள்தானா என்று வாசகர் சிலர் புன்னகைக்கக்கூடும். செய்யூரில் எங்கள் வீட்டு அம்பாசிடரின் பானெட்டுக்குள் நேர்ந்த ஒரு சிறு காரியம் எங்களைத் திருவிவிலியத்தின் பழைய சட்டங்கள் வரை இழுத்துச் சென்றதால் எழுதத் துணிந்தோம்.

உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை உருவாக்கப்பட்ட அம்பாசிடர் இன்று பழம்பொருள். அதற்கென்றே அளவெடுத்த உதிரிப்பாகம் கிடைப்பது அரிது, கிடைத்ததைப் பொருத்திக்கொள்கிறோம். பேட்டரி செத்துப்போன நாளில் கிடைத்தது சற்றே சிறியது. 12 வோல்ட் சரியாக இருந்தது. நீளமும் உயரமும் குறைவு. பழைய பேட்டரியை இருபுறமும் கொக்கிக் கம்பிகள் ட்ரேயோடு பிடித்திருக்க, மேலே குறுக்குப் பட்டை ஒன்று நட்டுகளால் இறுக்கியிருந்தது. புதியதன் உயரத்திற்குக் கம்பிகள் நீளமாகிவிட்டன. போதாக்குறைக்கு, உப்பளங்களின் மேல் வீசிவரும் எங்கள் ஊர்க் கடற்காற்று அவற்றின் மரைகளைத் தின்றிருந்தது. “இப்போதைக்கு இருக்கட்டும்” என்று மெக்கானிக் சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டினார். “கிளாம்ப் அடித்துக்கொண்டு வாருங்கள், மாட்டித் தருகிறேன்” என்றும் சொன்னார். கார் ஒரே திருகில் உயிர்பெற்றது. நாங்கள் கிளாம்பை மறந்தோம்.

மறந்தோம் என்பது முழு உண்மையன்று. இரண்டொரு முறை நினைவு வந்தது. வண்டிதான் ஓடுகிறதே என்று நினைவைத் தள்ளிவைத்தோம்.

பேட்டரி ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள ஈயமும் கந்தக அமிலமும். 1859-இல் பிரான்சு நாட்டின் காஸ்தோன் பிளாந்தே வடித்த அமைப்புதான் இன்றுவரை அடிப்படை. அது அசையாதிருக்க வேண்டும் என்பதற்குக் காரணங்கள் உண்டு. குலுக்கலில் ஈயத் தகடுகளின் பூச்சு உதிர்ந்து அடியில் படிந்து, அறைகளுக்குள்ளேயே மின்சாரம் குறுக்கே பாயும். பேட்டரியின் ஆயுள் குறையும். அது பண நட்டம், போகட்டும். பேட்டரி சாய்ந்து, நேர்முனை காரின் இரும்பைத் தொட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் ஒரே நொடியில் பாய்ந்து வயர் உருகும். மின்னேற்றத்தின்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயு அருகில் தேங்கியிருந்தால் ஒரு பொறியில் பேட்டரியே வெடித்து அமிலம் தெறிக்கலாம்.

எங்கள் காரில் அது பாதிவரை நிகழ்ந்தது. செங்கற்பட்டு மருத்துவமனையில் ஒருவரை விட்டுவிட்டு இரவில் திரும்புகையில், மதுராந்தகம் தாண்டியபின் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் விளக்குகள் மங்கிக் கருகல் நாற்றம் எழுந்தது. பானெட்டைத் திறந்தால் ட்யூப் அறுந்து, பேட்டரி ஒருக்களித்துக் கிடந்தது. நேர்முனை தகட்டில் உரசிய இடத்தில் கரிய வடு. எர்த் வயரை முதலில் கழற்றும் அறிவு ஓட்டிவந்தவருக்கு இருந்ததால் அத்தோடு நின்றது.

குற்றம் யாருடையது? மெக்கானிக்குடையது என்று சொல்ல நா எழுந்தது. ஆனால் விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரம் குறுக்கே நின்றது. ஒருவனுடைய மாடு திடீரென முட்டி ஓர் உயிர் போனால் உரிமையாளன்மேல் பழியில்லை. அது முட்டும் மாடு என்று முன்பே எச்சரிக்கப்பட்டும் கட்டிவைக்காதிருந்தால் பழி அவனைச் சேரும். சட்டம் அங்கே மாட்டின் மூர்க்கத்தை அளக்கவில்லை. உரிமையாளன் அறிந்த நாளைக் கேட்கிறது. எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

இணைச் சட்டம் 22-ஆம் அதிகாரமோ இன்னும் ஒருபடி மேலே போகிறது. புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும். யாரேனும் விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டைச் சேரும். இங்கே எச்சரிக்கைக்குக்கூடக் காத்திருக்கவில்லை. யார் மாடிக்கு வருவார், எப்போது விழுவார் என்பது எவருக்கும் தெரியாது. தெரியாத அந்த ஒருவருக்காகவே சுவர். தீய எண்ணம் இல்லாத இடத்தில் பாவம் ஏது என்போருக்கு இதைக் காட்டிலும் தெளிவான மறுமொழியை நாம் அறியோம். புனித தோமா அக்குவினாரும் தம் இறையியல் தொகுப்பில் கவனக்குறைவைத் தனியே எடுத்து ஆய்கிறார். காட்டக் கடமைப்பட்ட அக்கறையைக் காட்டாமையே அது என்றும், முன்மதி என்னும் நற்பண்புக்கு எதிரானது என்றும் உரைக்கிறார்.

ஏழ்மையைச் சாட்சிக்கு அழைக்கவும் எங்களுக்கு வழியில்லை. கிளாம்ப் அடிக்கப் பெருஞ்செலவில்லை. அது எவர் கண்ணிலும் படாது என்பதே உண்மைக் காரணம். புத்தாண்டு நாளில் அதே காரைக் கழுவி, மாலையிட்டு, கோவில் வாசலில் நிறுத்தி மந்திரித்து வாங்கினோம். தீர்த்தம் பானெட்டின்மேல் விழுந்தது. அதன் கீழே என்ன இருக்கிறதென்று குருவானவர் கேட்கவில்லை. கேட்பது அவர் வேலையுமன்று.

மறுநாளே ஒரு பட்டறையில் புதுக் கொக்கிகளை வளைத்து வாங்கினோம். ட்ரேயில் மிஞ்சிய இடைவெளிக்கு மரக்கட்டை செதுக்கி அடைத்து, பேட்டரியின் பெட்டி விரிசல் விடாதபடி அளவாக இறுக்கியாயிற்று. அசைத்துப் பார்த்தால் வண்டியே அசைகிறது. பேட்டரி தனியே அசையவில்லை.

எஞ்சியிருப்பது வேறொன்று. ட்யூபால் கட்டியிருந்த அந்த வாரங்களில் எங்கள் காரில் ஏறியவர்கள் பலர். பிரசவ வலியோடு ஒரு பெண். டயாலிசிஸுக்குச் சென்ற ஒரு முதியவர். அச்சிறுபாக்கம் மழைமலை மாதா கோவிலுக்குப் பிள்ளைகளோடு வந்த அண்டை வீட்டார். எல்லாரும் இறங்கும்போது கைகூப்பி நன்றி சொன்னார்கள். புண்ணியம் உங்களுக்கு என்றார் முதியவர். ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவிடம் இதை அறிக்கையிடுவது எங்களுக்கு எளிதாகவே இருந்தது. தீங்கு ஏதும் நேராத பின்பு அவர்களிடம் போய்ச் சொல்வது வீண் கலக்கம் என்று வீட்டில் ஒரு கருத்து. உயிரை ஒப்படைத்தவருக்கு அறியும் உரிமை உண்டு என்று மற்றொன்று. முதியவர் வரும் வாரமும் வண்டி கேட்டிருக்கிறார். அவரிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை.